பூ பார்க்க அழகு, உள்ளே பொக்கு

நேயர்களுக்கு வணக்கம். சூரியகாந்தி பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுக்கொண்டிருந்த ஆள். ஒரு மாசிப் பட்டத்தில் கிணற்றில் தண்ணீர் குறைச்சல், 90 நாளில் முடிகிற பயிர் எது என்று தேடி, அரைக் காணியில் வீரிய ஒட்டு விதையை 2 அடிக்கு 1 அடி இடைவெளியில் ஊன்றினேன்.

பூத்தபோது ரோட்டில் போகிறவர்களெல்லாம் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். எனக்கும் பெருமைதான். அறுத்து அடித்தபோதுதான் தெரிந்தது, பூவின் ஓரத்தில் மட்டும் நல்ல விதை, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பொக்கு. நகத்தால் கீறினால் வெறும் தோல், உள்ளே பருப்பே இல்லை. ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் சரியாகப் பிடிக்காது, பக்கத்துச் செடியிலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். நானோ பூத்த நேரம் பார்த்துப் பூச்சிமருந்து அடித்து வைத்தேன், அப்புறம் தேனீ எங்கே வரும்?

அடுத்த போகத்தில் மருந்தைத் தொடவில்லை. மஞ்சள் இதழ் விரிகிற நேரத்தில் லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வெண்காரம் (போராக்ஸ்) கரைத்துப் பூமேல் தெளித்தோம், மணி பிடிக்க அது உதவும். பூ ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு வாரம் பத்து நாள் மலரும். அந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், நானும் வீட்டுக்காரியும் கையில் மெல்லிய வேட்டித்துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பூவையும் மெதுவாகத் தடவிக்கொண்டே போனோம், துணியெல்லாம் மஞ்சளாகிவிடும். "பூவுக்கு மஞ்சள் குளிப்பாட்டுறீங்களா?" என்று கேலி பேசினவர்களும் உண்டு. பேசட்டும், அந்தத் தடவை நடுவிலும் மணி பிடித்திருந்தது. கிளியை விரட்டத்தான் பளபளக்கும் நாடா கட்டிக் காலையும் மாலையும் கத்த வேண்டியிருந்தது.

பூவின் முதுகு எலுமிச்சை மஞ்சளானதும் அறுத்துவிடலாம். அறுத்த பூவைக் குவித்து வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்துவிடும். பரப்பிக் காயவைத்து, கம்பால் தட்டி, தூற்றிப் பொக்கை முழுக்க நீக்க வேண்டும், ஏனென்றால் செக்கில் பொக்கு எண்ணெய் தராது, வருகிற எண்ணெயையும் குடித்துக்கொள்ளும். அதற்காகத் தோலை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டாலும் பருப்பு செக்கில் வழுக்கிக்கொண்டு சுற்றும், சரியாக ஆடாது, கொஞ்சம் தோல் இருக்கணும். எனக்கு 10 கிலோ விதைக்கு 3 லிட்டர் போல வந்தது, பிண்ணாக்கு மாட்டுக்கு.

இன்னொன்று, நல்லெண்ணெய் மாதிரி இதை வெயிலில் வைத்துத் தெளியவிடாதீர்கள், சீக்கிரம் சிக்குவாடை வந்துவிடும். நிழலில் நாலைந்து நாள் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத பாத்திரத்தில் வையுங்கள். மார்கழிக் குளிரில் லேசாகக் கலங்கினால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம், விதைத்தோலில் இருக்கிற மெழுகுதான் அது. கடையில் வாங்குகிற எண்ணெயில் ஆலைக்காரர்கள் குளிரவைத்து அதை எடுத்துவிடுகிறார்கள், நம் செக்கில் அந்த வசதி கிடையாது. வாணலியில் சூடேறினால் தெளிந்துவிடும்.