ஏர்வே பில்லில் யாருடைய பெயர்?

நேயர்களுக்கு வணக்கம். வன்னியில் விளையும் பப்பாசியையும் பூநகரிப் பக்கம் பிடிபடும் நண்டையும் வெளிநாட்டுக்கு அனுப்ப முனைவோர், தரம் பிரிப்பதிலும் பெட்டி கட்டுவதிலும் காட்டும் கவனத்தைப் பத்திரங்களில் காட்டுவதில்லை. "அதெல்லாம் கொழும்பு முகவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பத்திரங்களுள் முதன்மையான, விமானச் சரக்குக்கு வழங்கப்படும் ஏர்வே பில் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கப்பல் சரக்குக்கு வழங்கப்படும் பில் ஒஃப் லேடிங் பெரும்பாலும் உரிமைப் பத்திரமாகவே எழுதப்படுவதால், அதன் மூலப்பிரதியை வங்கியில் வைத்து, பணம் வந்த பின்னரே வாங்குபவரிடம் கொடுக்க முடியும். ஏர்வே பில் அப்படிப்பட்டதன்று. விமான நிறுவனம் சரக்கைப் பொறுப்பேற்றதற்கான பற்றுச்சீட்டாகவும், அதை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்துக்கான சான்றாகவும் மட்டுமே அது அமைகிறது. ஆகவே, அதில் 'கன்சைனி', அதாவது பெறுநர், என்ற கட்டத்தில் பெயர் உள்ளவர், உங்களுக்கு ஒரு சதமும் தராதவராக இருந்தாலும், தம்மை அடையாளங்காட்டி அங்குள்ள கட்டணங்களைச் செலுத்திப் பெட்டிகளை எடுத்துச் சென்றுவிடலாம். வாங்குபவரின் வங்கி முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்தால், அந்த வங்கியைக் கன்சைனியாகக் குறிப்பிட்டு, வாங்குபவரை அறிவித்தல் பெற வேண்டியவராக எழுதலாம். ஆனால் வங்கியின் நடைமுறை முடியும்வரை பழுத்த பப்பாசி காத்திருக்குமா? புதிய வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

சரக்கு சேருமிடத்தை அடைந்து பெறுநரின் உரிமை தொடங்கும்வரை அதை நிறுத்தவோ திருப்பி எடுக்கவோ அனுப்புநருக்கு உரிமை உண்டு. அதற்கு அவருக்குரிய, வழமையாக நீல நிறத்தில் அச்சிடப்படும், மூன்றாவது மூலப்பிரதியைக் காட்ட வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. முகவர் பலருடைய சரக்கை ஒன்றுசேர்த்து அனுப்பும்போது, விமான நிறுவனத்தின் மாஸ்டர் ஏர்வே பில்லில் அனுப்புநராக இருப்பவர் அந்த முகவரே. உங்களுக்குக் கிடைப்பது அவர் எழுதித் தரும் ஹவுஸ் ஏர்வே பில். விமான நிறுவனத்துக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. எனவே சரக்கை நிறுத்த வேண்டுமானால் முகவரின் ஊடாகவே நிறுத்த வேண்டும். இரண்டு பில்களின் இலக்கங்களையும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்டர் இலக்கம் பதினொரு எண்களைக் கொண்டது. முதல் மூன்று எண்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸுக்கு 603. அடுத்து வரும் ஏழு எண்களை ஒரே எண்ணாக வாசித்து 7ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியே கடைசி எண். ஆகவே இலக்கம் 7, 8, 9 இல் முடிந்தால் எழுதி எடுத்ததில் பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

கட்டணத்துக்குரிய நிறையும் பலரை ஏமாற்றுகிறது. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் கன அளவுக்குரிய நிறை வரும்; அதுவும் தராசு காட்டும் நிறையும் ஒப்பிடப்பட்டு, கூடியதற்கே பணம் அறவிடப்படும். 50, 40, 30 சென்ரிமீற்றர் பெட்டியில் 8 கிலோ பப்பாசி வைத்தாலும் 10 கிலோவுக்குச் செலுத்த நேரும். வைக்கோலைத் தாராளமாகத் திணித்து அனுப்புபவர்கள் காற்றுக்கும் கூலி கொடுக்கிறார்கள்.

விலைப்பட்டியல், பொதிப் பட்டியல், விவசாயத் திணைக்களத்தின் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயர், பெட்டிகளின் எண்ணிக்கை, நிறை ஆகியன ஏர்வே பில்லோடு ஒத்திருக்க வேண்டும்.

சரக்கு பழுதாகிப் போய்ச் சேர்ந்தால், விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999ஆம் ஆண்டின் மொன்றியல் சர்வதேச உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், பெற்றுக்கொண்டவர் 14 நாட்களுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். தாமதத்துக்கு 21 நாட்கள். அழுகிய பழத்தைப் படம்பிடித்து உங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவது முறைப்பாடாகாது என்பதை, முதற் பெட்டியை ஏற்றும்போதே வாங்குபவருக்குச் சொல்லிவையுங்கள்.