ஹேப்பென்னி பாலத்துக்குப் போகலாமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, அயர்லாந்தின் தலைநகர் டப்ளின் போகவிருக்கும் நேயர் ஒருவரிடமிருந்து வந்திருக்கிறது. "அந்த ஊரில் எனக்கு ஒரு மாலைப்பொழுதுதான் கிடைக்கும். லிஃபி ஆற்றின் மேலுள்ள ஹேப்பென்னி பாலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம், அதற்காக மெனக்கெட வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா? கட்டணம் உண்டா? அன்பின் அடையாளமாகக் கம்பியில் பூட்டு மாட்டலாமா? எப்படிப் போவது?" என்று கேட்டிருக்கிறார்.

கட்டாயம் போங்கள். இரண்டு நிமிடம் என்பது உண்மைதான். பாலத்தின் நீளமே சுமார் 43 மீட்டர், அகலம் நான்கு மீட்டர்கூட இல்லை. ஆனால் பாலத்தின் மேல் நடப்பவருக்குப் பாலத்தின் அழகு தெரியாது. காலடியில் பலகையும் இரு பக்கமும் கம்பியழியும்தான் தெரியும். அதனால் நேராகப் பாலத்தில் ஏறிவிடாதீர்கள். சற்று மேற்கே மில்லெனியம் பாலம் இருக்கிறது, அதுவும் நடைபாலம்தான். அங்கே நின்று கிழக்கே பாருங்கள். மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து அந்த வெள்ளை வளைவின் மேல் விழும். கடலின் ஏற்ற இறக்கம் நகரத்துக்குள்ளும் லிஃபியில் உண்டு. நீர் இறங்கியிருக்கும் வேளையாக அமைந்தால் இன்னும் நல்லது. வளைவின் அடிப்பகுதி நன்றாகத் தெரியும்.

அந்த அடிப்பகுதியைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வேன். ஒன்றுக்கொன்று இணையாக மூன்று வளைவுகள். எல்லாம் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பை இழுத்தால் எளிதில் விரிசல் விடும்; அழுத்தினால் வெகுவாகத் தாங்கும். வளைவாகக் கட்டும்போது சுமை முழுவதும் அழுத்தமாக மாறி இரு கரைக்கும் போய்விடுகிறது. இவ்வளவு மெல்லிய பாலம் 1816 முதல் நிற்பதற்குக் காரணம் அதுதான். துண்டுகளை வார்த்தது இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில். உலகின் முதல் பெரிய இரும்புப் பாலத்துக்கு 1779-இல் இரும்பு வார்த்த அதே ஊர். அங்கிருந்து கடல் கடந்து வந்த இரும்பு இது.

கட்டணம் பற்றிக் கேட்டீர்கள். இப்போது இல்லை. ஆனால் இந்தப் பாலம் பிறந்ததே கட்டணத்துக்காகத்தான். வில்லியம் வால்ஷ் என்பவர் இங்கே ஆற்றைக் கடக்கும் படகுகளை நடத்திவந்தார். படகுகள் மோசமான நிலையில் இருந்தன. அவற்றைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் பாலம் கட்டுங்கள் என்று சொல்லப்பட்டது. அவர் பாலத்தைத் தேர்ந்தெடுத்தார். நூறு ஆண்டுகளுக்குக் கட்டணம் வசூலிக்கும் உரிமை கிடைத்தது. ஆளுக்கு அரைப் பென்னி. ஹேப்பென்னி என்ற பெயர் அப்படி வந்ததுதான். முதலில் வைத்த பெயர் வெலிங்டன் பாலம். வாட்டர்லூ போரில் வென்ற வெலிங்டன் பிரபு டப்ளினில் பிறந்தவர் அல்லவா! மக்கள் வாயில் நின்றதோ காசின் பெயர்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த அனுமதியில் இருந்த ஒரு நிபந்தனை. கட்டி முடித்து ஓராண்டுக்குள் நகர மக்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், நகரத்துக்கு ஒரு செலவும் வைக்காமல் பாலத்தை அகற்றிவிட வேண்டும். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், பாலம் நிலைத்தது. 1913-இல் மீண்டும் ஓர் ஆபத்து வந்தது. ஹியூ லேன் சேர்த்த நவீன ஓவியங்களுக்காக, இதே இடத்தில் ஆற்றின் குறுக்கே ஓர் ஓவியக்கூடம் கட்டலாம் என்று கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் திட்டம் வரைந்தார். புதுடில்லியை வடிவமைத்த அதே லட்யன்ஸ். அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. 1919-இல் கட்டணமும் ஒழிந்தது.

2001-இல் பாலத்தை மூடிப் பழுதுபார்த்தார்கள். அப்போதே ஒரு நாளைக்கு 27,000 பேர் வரை நடந்துகொண்டிருந்தார்கள். வேலையைச் செய்தது பெல்ஃபாஸ்ட்டின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப். டைட்டானிக் கப்பலைக் கட்டிய நிறுவனம். பழைய இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வார்ப்பது எளிதாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாமல், பெரும்பகுதியைச் சீர்செய்து மீண்டும் பொருத்தினார்கள். பழைய வெள்ளை நிறத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தப் பொறுமையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

அதனால்தான் பூட்டு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மாட்டாதீர்கள். பூட்டு உரசும் இடத்தில் வண்ணப்பூச்சு பெயரும். கடற்காற்று வீசும் ஊரில் அங்கேதான் துரு பிடிக்கத் தொடங்கும். எடையும் சேர்ந்துகொண்டே போகும். பாரிஸில் பான் தேஸ் ஆர் நடைபாலத்தின் கைப்பிடிக் கம்பியழியில் ஒரு பகுதி 2014-இல் பூட்டுகளின் பாரத்தாலேயே சரிந்து விழுந்தது. டப்ளின் நகராட்சியும் இங்கே மாட்டப்பட்ட பூட்டுகளை வெட்டி அகற்றியிருக்கிறது. உங்கள் அன்புக்கு அடையாளம் வேண்டுமென்றால் பாலத்தின் நடுவில் விளக்குக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விளக்கைத் தாங்கும் இரும்பு வளைவு படத்தில் வரும்படி எடுங்கள்.

வழி எளிதுதான். லூவாஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் ஜெர்விஸ் நிறுத்தத்தில் இறங்கி, லிஃபி தெரு வழியாக ஆற்றை நோக்கி நடந்தால் எதிரே பாலம். மில்லெனியம் பாலத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வடகரையிலிருந்து தென்கரைக்குக் கடந்து செல்லுங்கள். அங்கே மெர்ச்சன்ட்ஸ் ஆர்ச் என்ற குறுகலான வளைவு வாயில் வழியாக நுழைந்தால் டெம்பிள் பார் பகுதி வந்துவிடும். சாப்பாடு, இசை, கூட்டம் எல்லாம் அங்கேதான். சாயங்காலத்தில் அந்த வாயிலில் நெரிசல் இருக்கும், பையைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.