ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! கோடையில உங்க கரண்ட் பில் ஏன் எகிறுது? எங்க பிடிச்சா இறங்கும்?

[திரையில்: பக்கத்து பக்கத்துல ரெண்டு கரண்ட் பில். ஒண்ணுல 500 யூனிட், இன்னொண்ணுல 501.]

அடுத்தடுத்த ரெண்டு வீடு. ரெண்டுலயும் ரெண்டு மாசக் கணக்கு எடுத்தாச்சு. முதல் வீட்டுல 500 யூனிட், பில் 1,805 ரூபாய். அடுத்த வீட்டுல 501 யூனிட், பில் 2,048 ரூபாய் 40 காசு. வித்தியாசம் ஒரே ஒரு யூனிட். அந்த ஒரு யூனிட்டுக்கு விலை 243 ரூபாய்!

பில் போட்டதுல தப்பில்லைங்க. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணமே அப்படித்தான் அமைஞ்சிருக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்டா கோடையில எந்த யூனிட்டைக் குறைக்கணும், எதை விட்டுடலாம்னு தெளிவா தெரிஞ்சிடும். கணக்கை வேகமா சொல்லிடறேன், ஏன்னா இந்த வீடியோவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுக்கு அப்புறம்தான் வருது.

[திரையில்: 2024 ஜூலை 1 முதல் வந்த வீட்டுக் கட்டணம்]

2024 ஜூலையில வந்த கட்டணப்படி, ரெண்டு மாசத்துல முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். மொத்தம் 500க்குள்ள நின்னீங்கன்னா 101ல இருந்து 200 வரைக்கும் யூனிட் 2.35, அடுத்து 400 வரைக்கும் 4.70, அதுக்கு மேல 500 வரைக்கும் 6.30. ஆனா 500ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.35 சலுகை போயிடும். 101வது யூனிட்ல இருந்தே 4.70 போடுவாங்க. அதுலயே 235 ரூபாய் கூடிடுது. தாண்டின அந்த ஒரு யூனிட்டுக்கு 8.40. ரெண்டையும் கூட்டுங்க, 243 ரூபாய் 40 காசு. இன்னும் மேல போனா 601ல இருந்து 9.45, 801ல இருந்து 10.50, ஆயிரத்துக்கு மேல 11.55.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, நீங்க குறைக்கிற யூனிட் எப்பவும் மேல இருந்துதான் கழியும். 720 யூனிட் ஓடுற வீட்டுக்கு பில் 4,014 ரூபாய். அதே வீடு 500ல நின்னா 1,805. 220 யூனிட் குறைச்சா 2,209 ரூபாய் மிச்சம், அதாவது யூனிட்டுக்கு பத்து ரூபாய். "ஒரு ஃபேனை மாத்தி என்ன பெருசா மிச்சமாகப் போகுது"ன்னு சொல்றவங்க 4.70 ரூபாய் கணக்குல யோசிக்கிறாங்க.

வாடகை வீட்டுல இருக்கீங்க, சப் மீட்டர் பார்த்து ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஒரே விலை வாங்குறார்னா, இந்த 500 கோடு உங்களுக்குக் கிடையாது. உங்களுக்கு முதல் யூனிட்டும் ஒரே விலை, கடைசி யூனிட்டும் ஒரே விலை. மத்த எல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

[திரையில்: மீட்டர் முகப்பு, சிவப்பு விளக்கு சிமிட்டுறது நெருக்கத்துல]

இப்போ விஷயத்துக்கு வருவோம். உங்க வீட்டு வாசல்ல இருக்கிற டிஜிட்டல் மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக்கிட்டே இருக்கும், பார்த்திருப்பீங்க. அது சும்மா அழகுக்கு இல்லைங்க. உங்க வீட்டுல எந்தப் பொருள் எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு காட்டிக் கொடுக்கிற கருவி அது. கடையில வாட் மீட்டர்னு தனியா காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை.

மீட்டர் முகப்புல சின்ன எழுத்துல 3200, இல்லன்னா 1600, 800ன்னு ஒரு எண் இருக்கும். பக்கத்துல இம்பல்ஸ்ங்கிறதை ஆங்கிலத்துல சுருக்கி மூணெழுத்துல போட்டிருப்பாங்க. 3200னா, அந்த விளக்கு 3200 தடவை சிமிட்டினா ஒரு யூனிட் ஓடிடுச்சுன்னு அர்த்தம். கணக்கு ரொம்ப எளிசு. அறுபதாயிரத்தை அந்த எண்ணால வகுத்துக்கோங்க. 3200க்கு 18.75 வரும். ஒரு நிமிஷத்துல விளக்கு எத்தனை தடவை சிமிட்டுதோ, அதை 18.75ஆல பெருக்குங்க. வர்றதுதான் அந்த நேரத்துல வீட்டுல ஓடுற வாட்ஸ். 1600 மீட்டருக்கு 37.5ஆல பெருக்கணும், 800 மீட்டருக்கு 75ஆல.

நிமிஷத்துக்கு 4 சிமிட்டலா? 75 வாட்ஸ், ஒரு பழைய சீலிங் ஃபேன். 80 சிமிட்டலா? 1500 வாட்ஸ், ஒன்றரை டன் ஏசி முழு மூச்சுல ஓடிக்கிட்டு இருக்கு. வேகமா சிமிட்டுறப்ப கண்ணால எண்ண முடியாது. போன்ல 15 செகண்ட் வீடியோ எடுத்து, மெதுவா ஓட்டி எண்ணி, நாலால பெருக்கிக்கோங்க. ரொம்ப மெதுவா சிமிட்டினா 5 நிமிஷம் எண்ணி அஞ்சால வகுங்க. ஒரு நிமிஷம் மட்டும் எண்ணினா சின்ன லோடுல தப்பான பதில் வரும்.

முதல்ல பண்ண வேண்டிய சோதனை: வீட்டுல எல்லாத்தையும் நிறுத்துறது. சுவிட்சை மட்டும் இல்லைங்க, ஃபிரிட்ஜ், மோடம், செட்-டாப் பாக்ஸ் பிளக்கையும் பிடுங்கிடுங்க. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணினா, நடுவுல ஓடின யூபிஎஸ் இன்வெர்ட்டர் பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏத்த ஆரம்பிக்கும், கணக்கு குழம்பிடும். அதனால முதல்ல இன்வெர்ட்டரை அதோட சுவிட்ச்லயே அணைச்சு, அதுக்குப் போற பிளக்கையும் எடுத்துடுங்க. மெயின் ஆன்லயே இருக்கட்டும்.

இப்போ மீட்டரைப் பாருங்க. விளக்கு சிமிட்டவே கூடாது. சில மீட்டர்ல அணைஞ்சு நிக்கும், சில மீட்டர்ல விடாம எரிஞ்சுக்கிட்டே நிக்கும். ரெண்டும் சரிதான். சிமிட்டினாத்தான் கரண்ட் ஓடுதுன்னு அர்த்தம்.

எல்லாத்தையும் அணைச்ச பிறகும் சிமிட்டுதா? மெயின் பெட்டியில ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியா இருக்கிற எம்சிபி சுவிட்சை ஒண்ணொண்ணா கீழ இறக்குங்க. எதை இறக்கினப்ப நிக்குதோ அந்த லைன்லதான் கோளாறு. மாடிப்படி லைட், பொது மோட்டார், பக்கத்து போர்ஷன் பிளக் பாயிண்ட் உங்க மீட்டர்ல சேர்ந்திருக்கலாம். இல்லன்னா சுவர் ஓதத்துல வயர் லீக் ஆகலாம். லீக்குன்னா பில்லை விடுங்க, உயிருக்கே ஆபத்து. அன்னைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மெயினையே இறக்கின பிறகும் சிமிட்டினா, மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல யாரோ லைன் எடுத்திருக்காங்க, இல்ல மீட்டரே கோளாறு. நீங்க எதையும் தொட வேண்டாம், சீல் பக்கம் கையே போகக்கூடாது. மின்னகம் 94987 94987க்குப் புகார் சொல்லுங்க. பிரிவு அலுவலகத்துல எழுதிக் கொடுத்து மீட்டர் டெஸ்ட்டும் கேட்கலாம்.

[திரையில்: இன்வெர்ட்டர் பேட்டரி]

சிமிட்டல் நின்னுடுச்சா? அடுத்து ஒண்ணொண்ணா போட்டுப் பாருங்க. முதல்ல இன்வெர்ட்டர். இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா யாருமே இதைச் சந்தேகப்படறதில்லை. பேட்டரி முழுசா சார்ஜ் ஆன பிறகு, கரண்ட் கட் ஆகி ஒரு நாளாவது ஆன பிறகு எண்ணுங்க. 3200 மீட்டர்ல நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சிமிட்டல்னா சரி. அஞ்சாறு சிமிட்டினா, அதாவது 100 வாட்ஸ் பக்கம் விடாம இழுத்தா, பேட்டரியில ஒரு செல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது நிறையவே நிறையாது, இன்வெர்ட்டரும் ஊத்திக்கிட்டே இருக்கும். 100 வாட்ஸ் 24 மணி நேரம்னா ஒரு நாளைக்கு 2.4 யூனிட், 60 நாளைக்கு 144 யூனிட்! கரண்ட் கட்டே ஆகாத நாள்லயும் பேட்டரி தொட்டா சுடுது, தண்ணி சீக்கிரம் சீக்கிரம் குறையுதுன்னா இதுதான் காரணம்.

செட்-டாப் பாக்ஸ்ல ரிமோட்டால அணைச்சா திரைதான் அணையும், பழைய பாக்ஸ்ங்க உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும். 12 வாட்ஸ்னு வெச்சாலும் ரெண்டு மாசத்துக்கு 17 யூனிட். சுவிட்சை அணைச்சுப் பழகுங்க.

உங்க மீட்டர்ல என்ன எண் போட்டிருக்கு, எல்லாம் அணைச்ச பிறகு எத்தனை சிமிட்டல்னு கமெண்ட்ல போடுங்க. நிஜமாவே ஆவலா காத்திருக்கேன்.

[திரையில்: ஏசி]

ஏசி. கத்திரி வெயில்ல இதைப் போடாதீங்கன்னு சொல்ற வீடியோ இது இல்லை. குழந்தைங்க, வயசானவங்க இருக்கிற வீட்டுல அது அவசியம். எப்படிப் போடறதுங்கிறதுதான் கேள்வி.

18ல வெச்சா சீக்கிரம் குளிரும்னு நினைக்கிறது தப்பு. ரூம் சூடா இருக்கிற வரைக்கும் 18ல வெச்சாலும் 25ல வெச்சாலும் கம்ப்ரசர் ஏறக்குறைய ஒரே மூச்சுலதான் ஓடும். 18ல வெச்சா நிக்க வேண்டிய இடத்துல நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் மிச்சம்னு ஸ்டார் முத்திரை கொடுக்கிற பீ.ஈ.ஈ. அமைப்பு சொல்லுது. 2020 ஜனவரியில இருந்து ஸ்டார் ஏசி எல்லாம் போட்டவுடனே 24ல தொடங்கணும்னு விதியே வந்தாச்சு. 26ல வெச்சு, மேல ஃபேனை மெதுவா ஓட விடுங்க. சென்னை, கடலூர் மாதிரி கடலோர ஊர்ல புழுக்கம்தான் எதிரி, அங்க டிரை மோடும் போட்டுப் பாருங்க.

வலை ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழட்டித் தண்ணியில அலசி, நிழல்ல உலர்த்தி மாட்டுங்க. ஃபில்டர் அடைச்சா காத்து போகாது, காயில்ல ஐஸ் கட்டும், கீழ தண்ணி சொட்டும். உடனே ஒருத்தர் வந்து "கேஸ் குறைஞ்சிருக்கு, ஏத்தணும்"னு சொல்லுவார். வண்டிக்குப் பெட்ரோல் தீர்ற மாதிரி ஏசி கேஸ் தீராது. குறைஞ்சிருந்தா எங்கயோ ஓட்டை இருக்கு. ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைக்காம கேஸ் மட்டும் ஏத்தினா அடுத்த கோடையில மறுபடி அதே செலவு. வெளிய இருக்கிற யூனிட்டைச் சுத்தி அட்டைப்பெட்டி, பழைய சாமான் வெக்காதீங்க. நிழல் கொடுக்கலாம், காத்தை மறைக்கக் கூடாது.

புது ஏசி வாங்கறவங்களுக்கு ஒண்ணு: ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு போட்டிருக்கே, அது 1600 மணி நேரக் கணக்கு. 1600ஆல வகுத்தா மணிக்கு எத்தனை யூனிட்னு வந்துடும். ஸ்டாரை எண்ணாதீங்க, இந்த எண்ணை ஒப்பிடுங்க.

[திரையில்: ஃபேன்]

ஃபேன்தான் 24 மணி நேரமும் ஓடுது. பழசு 75 வாட்ஸ், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ் பக்கம். ஹால்ல 16 மணி நேரம் ஓடற ஒரு ஃபேனை மாத்தினா ரெண்டு மாசத்துக்கு 43 யூனிட் மிச்சம், 9.45 ரூபாய் அடுக்குல இருக்கிற வீட்டுக்கு நானூறு ரூபாய். எல்லாத்தையும் மாத்த வேண்டாம், அதிகம் ஓடறதை மட்டும் மாத்துங்க. மாத்தும்போது சுவர் ரெகுலேட்டரை எடுத்துட்டு நேரா சுவிட்ச்ல கொடுக்கச் சொல்லுங்க. ரெகுலேட்டர் வழியா ஓட்டினா உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டு போயிடும். மாத்த வசதி இல்லையா? பழைய ஃபேன் மெதுவா சுத்தினா கெப்பாசிட்டர் வலு குறைஞ்சிருக்கும். பழையதுல 2.5 மைக்ரோஃபாரட்னு போட்டிருந்தா அதே அளவு வாங்கிப் போடுங்க. ரொம்பச் சின்ன செலவு, காத்து திரும்பி வந்துடும். பெட்டி மாதிரி பெருசா இருக்கிற பழைய ரெகுலேட்டர் குறைஞ்ச வேகத்துல மிச்சக் கரண்டைச் சூடாத்தான் வெளிய விடுது, அதை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரா மாத்துங்க.

ஃபிரிட்ஜ் கதவு ரப்பர்ல ஒரு தாளை வெச்சு மூடி இழுங்க, லேசா வந்துட்டா ரப்பரை மாத்தணும்.

மோட்டார்: ஒரு எச்பி மோட்டார் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல இழுக்கும். கோடையில தண்ணி மட்டம் இறங்கினதும் அதே டேங்க் நிறைய ரொம்ப நேரம் ஆகும். தண்ணிக்குள்ள குழாய் அடியில இருக்கிற ஃபுட் வால்வு கசிஞ்சா குழாய்ல தண்ணி நிக்காது, மோட்டார் வெறுமனே ஓடும். டேங்க் நிறைஞ்சதும் மோட்டார் தானா நிக்கிற மாதிரி ஃப்ளோட் சுவிட்ச் போடுங்க.

[திரையில்: மொட்டை மாடி]

மேல் மாடி வீட்டுக்காரங்களுக்கு: பகல்ல வாங்கின சூட்டை கான்கிரீட் ராத்திரி பூரா உங்க தலைமேல இறக்குது. உங்க ஏசி அந்தச் சூட்டோடதான் மல்லுக்கட்டுது. மாடியைக் கழுவி, பாசியைத் தேய்ச்சு எடுத்துட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே ஊற வெச்சு, வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து மெல்லிசா ரெண்டு கோட் அடிங்க. கெட்டியா அடிச்சா காய்ஞ்சு உரிஞ்சிடும். தண்ணி ஊத்தினதும் சுண்ணாம்பு கொதிக்கும், அதனால பிளாஸ்டிக் வாளி வேண்டாம், இரும்பு டிரம்ல ஊற வையுங்க, கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க. மழை வந்தா கொஞ்சம் கொஞ்சமா கரையும், அடுத்த கோடைக்கு மறுபடி அடிக்கணும்.

சொந்த மாடி இருக்கிறவங்க சோலாரையும் யோசிக்கலாம். பிரதமர் சூரியவீடு திட்டத்துல 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். அதுக்குத் தனி வீடியோ போடணும்.

இப்போ அந்த 720 யூனிட் வீட்டுக்கு வருவோம். ராத்திரிக்கு 6 யூனிட் இழுத்த ஏசியை 20ல இருந்து 25க்கு ஏத்தினா சுமார் 100 யூனிட். விடியக்காலை ஒரு மணி நேரம் முன்னாடியே நிக்கிற மாதிரி டைமர் வெச்சா 36. ஹால், பெட்ரூம் ரெண்டு ஃபேனையும் மாத்தினா 70. செட்-டாப் பாக்ஸ் 17. வந்தாச்சு, 220ஐத் தாண்டிட்டோம். யாரும் வேர்வையில தூங்கலை.

கடைசியா, கணக்கெடுத்த அன்னைக்கே ரீடிங்கைப் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. மீட்டர்ல பல எண் மாறி மாறி வரும், கிலோவாட் அவர்னு வர்றதை மட்டும் பாருங்க, அதுதான் யூனிட். அதுல இருந்து போட்டோவுல இருக்கிற ரீடிங்கைக் கழிச்சா இதுவரைக்கும் ஓடின யூனிட் வந்துடும். 20வது நாள் 165 யூனிட்டுக்குள்ள, 40வது நாள் 330க்குள்ள இருந்தா 500க்குள்ள நிப்பீங்க. 40வது நாள் 360 வருதா? மீதி 20 நாளைக்குத் தினம் 7 யூனிட்தான் இருக்கு, அன்னைக்கே ஏசி டைமரை மாத்துங்க. இப்பவே எழுந்து போய் மீட்டரைப் பார்த்துட்டு வாங்க, உங்க கடைசிக் கணக்கெடுப்பு தேதியையும் இன்னைக்கு ரீடிங்கையும் கமெண்ட்ல எழுதுங்க. எத்தனை நாள், எத்தனை யூனிட் மிச்சம்னு ஒவ்வொருத்தருக்கும் கணக்குப் போட்டு பதில் தர்றேன்.