அபார்ட்மெண்ட் புல்தரையில் முளைத்த காளானைச் சமைக்கலாமா?

வணக்கம். வேளச்சேரியிலிருந்து ஒரு சகோதரி படத்தோடு கேள்வி அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன். "தொடர்ந்து மழை பெய்ததில் எங்கள் அபார்ட்மெண்ட் புல்தரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் காளான்கள் வந்திருக்கின்றன. என் மாமியார் செங்கம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். ஊரில் இதைத்தான் பறித்துக் குழம்பு வைப்போம், மஞ்சள் போட்டு வேகவைத்துப் பார், கறுக்கவில்லை என்றால் சாப்பிடலாம் என்கிறார். செய்யலாமா? அந்த ஊர்க் காளானை வீட்டில் வளர்க்க முடியுமா?"

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சமைக்க வேண்டாம். ஏற்கெனவே பறித்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

உங்கள் மாமியார் அம்மா ஊரில் சாப்பிட்டேன் என்று சொல்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் சாப்பிட்டது வேறு, உங்கள் புல்தரையில் நிற்பது வேறு. மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் சாயல் ஒன்றுபோல் தெரியும், சிக்கலே அங்கேதான்.

படத்தை மட்டும் வைத்து எந்தக் காளானையும் அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் படத்தில் இருக்கும் அடையாளங்களைப் பாருங்கள். வெள்ளைக் குடை, நடுவில் பழுப்பு நிறச் செதில்கள், தண்டில் ஒரு வளையம், வரிசையாக வளைந்து அரைவட்டம் போட்டு நிற்கிறது. இதெல்லாம் சேர்ந்தால் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளானாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. வெப்பமான ஊர்களில் புல்தரை என்று ஒன்று இருந்தால், மழை விட்டதும் இது வந்து நிற்கும். அமெரிக்காவில் காளான் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் மிகப் பலர் இதைத் தின்றவர்கள்தான். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும், சிலருக்கு ரத்தமும் போகும். பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். சின்னக் குழந்தைகளுக்கு உடம்பில் நீர் வற்றிப்போய் நிலைமை மோசமாகிவிடும். நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டவர்களும் படுத்திருக்கிறார்கள்.

ஆர்வம் இருந்தால் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். குடையை மட்டும் வெட்டி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் எடுத்தால் கோலமாவு தூவியதுபோல் தாளில் வித்துகள் உதிர்ந்து கிடக்கும். இந்தக் காளானுக்கு அது மங்கலான பச்சை நிறம். பச்சை வித்துள்ள காளான் உலகத்திலேயே அபூர்வம் என்பதால் அதைப் பார்த்த உடனே முடிவு செய்துவிடலாம். ஆனால் இளசாக இருக்கும்போது இதன் குடைக்கு அடியில் இருக்கும் மடல்களும் வெள்ளையாகவே இருக்கும், வித்தும் உதிராது. அதனால் பச்சை வரவில்லை, சமைக்கலாம் என்று தலைகீழாகப் புரிந்துகொள்ளாதீர்கள். அப்புறம், பார்த்து முடித்ததும் கையைக் கழுவிவிட்டுத் தாளைக் குழந்தைகள் எடுக்காத இடமாகப் பார்த்துப் போடுங்கள்.

சரி, அம்மா சாப்பிட்டது என்ன? என் கணிப்பில் அது புற்றுக் காளான். அவரிடமே கேளுங்கள்: எங்கே பறித்தீர்கள், பிடுங்கும்போது அடியில் என்ன வந்தது? கரையான் புற்று இருக்கும் இடம் என்றும், தண்டு வேர்போல மண்ணுக்குள் நீளமாக இறங்கிப் பாதியில் அறுந்துவிடும் என்றும் சொன்னால், அதுவேதான். மண்ணுக்கு அடியில் கரையான்கள் இந்தப் பூஞ்சையைத் தோட்டம் போட்டு வளர்க்கின்றன. தின்ற தழை, சருகு, மரத்தூளைக் கொண்டுவந்து பஞ்சு மாதிரி அறை அறையாகக் கட்டி, அதில் பூஞ்சையை வளர்த்து அதையே உண்கின்றன. மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்திலிருந்துதான் காளான் மண்ணைப் பொத்துக்கொண்டு மேலே வருகிறது. குடையின் நடு உச்சி கூராக இருப்பதும் மண்ணைத் துளைப்பதற்குத்தான். இதன் வித்து இளஞ்சிவப்பு.

இந்த வகையில் ஒன்றை முதன்முதலாக 1979-இல் விவரித்துப் பெயர் வைத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பூஞ்சை ஆய்வாளர் நடராஜன். டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயர். நம் ஊர்க்காரர் பெயர் வைத்த காளானை நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது!

ஊரில் அம்மாவுக்கு வழிகாட்டியது மஞ்சள் அல்ல. எந்தப் புற்று, எந்த வரப்பு, எந்த மாதம் என்று வருஷா வருஷம் பார்த்துப் பழகிய கண்தான். அந்தக் கண்ணுக்கு வேளச்சேரி புல்தரை புது இடம். லாரியில் வந்த செம்மண், எங்கிருந்தோ சுருட்டிக் கொண்டுவந்த புல், அதில் என்ன முளைக்கும் என்று யாருக்கும் பழக்கம் கிடையாது.

மஞ்சள், வெள்ளிக்காசு, பூண்டு, அரிசி, எறும்பு கடித்திருந்தால் நல்லது, இப்படி ஊருக்கு ஒரு சோதனை சொல்வார்கள். ஒன்றுமே வேலைக்காகாது. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். வேறு சில காளான்களில் இருக்கும், உயிரைக் குடிக்கும் அமாடாக்சின் என்ற நஞ்சு வெள்ளியையும் தொடாது, மஞ்சளையும் தொடாது. கொதிக்க வைத்தாலும் காயவைத்தாலும் அது அழியாது. நத்தையும் பூச்சியும் அந்தக் காளானைத் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும்.

அமாடாக்சின் உள்ளே போனால் ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் வரைகூட ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அதுவும் ஒரு நாளில் அடங்கி, தேறிவிட்டோம் என்று நினைக்க வைக்கும். அந்த நேரத்தில் கல்லீரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். அதனால் யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள், வந்த வாந்தி நின்றுவிட்டது என்றும் உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மிச்சமிருக்கும் காளானையோ, குழம்பையோ ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் காட்ட எடுத்துப்போங்கள்.

கிண்டி தேசியப் பூங்கா பக்கம் போய்ப் பறிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அங்கே எதையும் பறிப்பது சட்டப்படி குற்றம். சாலையோரமும் வேண்டாம், காரீயம், காட்மியம் போன்றவற்றை மண்ணிலிருந்து உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குணம் காளானுக்கு உண்டு.

இப்போது இரண்டாவது கேள்வி. புற்றுக் காளானை வீட்டில் வளர்க்க முடியாது. கரையான் இல்லாமல் அது காளானாக வருவதில்லை. அம்மாவுக்கு அந்த ருசிதான் வேண்டுமென்றால் பால் காளானை முயன்று பாருங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டது, ஏபிகே என்றால் அருப்புக்கோட்டை. மொட்டுக் காளான் குளிர் கேட்கும். பால் காளானுக்கு 30 டிகிரி வெப்பமும் ஒத்துக்கொள்ளும், சென்னைக்கு வசதி. சதை கெட்டி, கடித்தால் கறிபோல நிற்கும். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகத்தோடு நல்லெண்ணெயில் வதக்கி, அது விடும் தண்ணீர் வற்றும் வரை வேகவிட்டு, கடைசியில் இடித்த மிளகு போடுங்கள். கடைக் காளானையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது. ரோட்டுக்கடையில் 'காளான்' என்று தருகிறார்களே, அதில் பாதிக்கு மேல் முட்டைக்கோஸ், அந்தக் கணக்கை இதில் சேர்க்காதீர்கள்.

சரி, அடுத்த கேள்வி மாடித்தோட்டத்துக் கத்தரியில் மாவுப்பூச்சி பற்றி.