மின்நிலையக் கழிவுநீரில் ஒரு குளியல்

[காட்சி: கறுத்த பாறைவெளி நடுவே பால் கலந்த நீலத்தில் ஒரு குளம்]

நோர்வேயில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஐஸ்லாந்துக்குப் போய்வந்து அனுப்பும் படங்களில் இந்தக் குளம் தவறாமல் இருக்கும். பெயர் புளூ லகூன். இயற்கை வெந்நீர் ஊற்று என்று நம்பித்தான் பலரும் இறங்குகிறார்கள். உண்மையில் அது பக்கத்திலுள்ள ஸ்வார்ட்ஸெங்கி புவிவெப்ப மின்நிலையம் வெளியே விட்ட நீர்.

[வரைபடம்: ஆழ்துளைக் கிணறு]

அங்கே நிலத்தடியில் கடல்நீரும் மழைநீரும் கலந்து கிடக்கின்றன. எரிமலைச் சூட்டில் அதன் வெப்பம் சுமார் 240 பாகை செல்சியஸ். மேலிருந்து அழுத்தும் பாரத்தால் அது கொதிப்பதில்லை. துளையிட்டுக் குழாய் இறக்கியதும் அழுத்தம் தளர, ஒரு பகுதி ஆவியாகச் சீறி மேலேறி, மின்சாரம் தரும் சுழலியைச் சுழற்றுகிறது. எஞ்சிய உப்புநீரை வீடுகளைச் சூடாக்கும் குழாய்களுக்கு விட்டால் கனிமம் படிந்து அடைத்துவிடும். ஆகவே அதன் சூட்டை மட்டும் நன்னீருக்கு மாற்றி ஊர்களுக்கு அனுப்புகிறார்கள்.

1976இல் தொடங்கிய நிலையம் அது. எஞ்சிய நீரைப் பக்கத்து லாவாப் பாறையில் விட்டார்கள். துவாரம் நிறைந்த பாறை, உறிஞ்சிவிடும் என்பது கணக்கு. கணக்குப் பிழைத்தது.

[நெருக்கக் காட்சி: கேத்தலின் உட்புறம்]

கிணற்றுநீர் கொதிக்கும் நம் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதல்லவா? நம்முடையது சுண்ணாம்பு, அங்கே நீர் ஆற ஆற மணலில் இருக்கும் கனிமமான சிலிக்கா படிந்தது. துவாரங்கள் அடைபட்டுக் குளம் தேங்கியது. 1981இல் சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ள ஒருவர் அதில் குளித்துச் சுகம் கண்டதாகச் சொன்னார். பிறகு கூட்டம், அதன் பிறகு டிக்கெட்.

மின்நிலையக் கழிவு என்றதும் நமக்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததுதான் நினைவுக்கு வரும். நம் சுண்ணாம்புக் கல் எதையும் தடுத்து வைக்காது. நிலத்தில் ஊற்றியது கிணற்றைச் சேரும். இன்று ஸ்வார்ட்ஸெங்கியிலும் பெரும் பங்கை ஆழத்துக்கே திருப்பிச் செலுத்துகிறார்கள்.

போகிறவர்களுக்கு: சோப்புப் போட்டு முழுதாகக் குளித்த பிறகே குளத்தில் இறங்கலாம். சிலிக்கா பட்டால் முடி விறைத்துவிடும். நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். தாலிக்கொடியோடு இறங்க நினைக்கும் மாமிமார் கவனிக்க. 2023 இறுதியிலிருந்து அருகில் எரிமலை பலமுறை வெடித்திருக்கிறது. 2024 நவம்பரில் வாகனத் தரிப்பிடத்தையே லாவா மூடியது. டிக்கெட் எடுக்குமுன் நிலவரம் பாருங்கள்.

[காட்சி: கன்னியா, திருகோணமலை]

நம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏன் மின்சாரம் எடுப்பதில்லை? அங்கே எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளில் ஆழ இறங்கிச் சூடேறித் திரும்புகிறது. ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றக்கூடிய சூடுதான். அலாஸ்காவின் சேனாவில் வெறும் 74 பாகை நீரைக் கொண்டே 2006 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள் என்பது உண்மை. எளிதில் ஆவியாகும் வேறொரு திரவத்தை அந்நீரால் கொதிக்க வைத்துச் சுழலியை ஓட்டுகிறார்கள். அந்த ஆவியை மீண்டும் திரவமாக்க அங்கே உறைநிலையை நெருங்கிய குளிர்நீர் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் கன்னியாவில் அதற்கு எங்கே போவது?