சிரிப்பு யார் மேல் விழுகிறது?

வணக்கம் மக்களே. நாகர்கோவிலைத் தாண்டி வேலைக்கோ படிக்கவோ போன நம்ம ஆட்களிடம் கட்டாயம் ஒருத்தராவது கேட்டிருப்பார், "நீ மலையாளியா?" என்று. 1956 நவம்பர் 1-இல் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்காகப் போராடி 1954-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் டிவி காமெடியில் ஒருத்தர் 'மக்கா', 'கொள்ளாம்' என்று நம்ம ஊர்ப் பேச்சில் வாயைத் திறந்தாலே சிரிப்புச் சத்தம் போட்டுவிடுகிறார்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு வலிப்பது அதுதான்.

சரி, அடையாளத்தை வைத்துச் சிரிக்க வைக்கவே கூடாதா? தாராளமாக வைக்கலாம். அமெரிக்காவில் டேவ் சப்பெல் என்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் 2003-இல் தன் டிவி நிகழ்ச்சியின் முதல் எபிசோடிலேயே அதைச் செய்து காட்டினார்.

[திரையில்: முக்காடு போட்ட உருவம், கோட்டோவியமாக]

கிளேட்டன் பிக்ஸ்பி என்ற பாத்திரம். கறுப்பினத்தவர், பார்வை இல்லாதவர். சின்ன வயதில் இருந்த பள்ளியில் அவரை வெள்ளையர் என்றே சொல்லி வளர்த்துவிட்டார்கள். அவரும் கறுப்பர்களைத் திட்டிப் புத்தகம் எழுதுகிறார். முக்காடு போட்டிருப்பதால் அவர் யார் என்று தெரியாத வெள்ளை இனவெறியர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் முகத்தைக் காட்டச் சொல்லிக் கத்துகிறார்கள். முக்காட்டைக் கழற்றுகிறார். கூட்டமே விறைத்துப்போகிறது, ஒருத்தருக்குத் தலையே வெடித்துவிடுகிறது! சிரிப்பு முழுக்க, சற்று முன் கைதட்டிய அந்தக் கூட்டத்தின் மேல் விழுகிறது.

அதே சப்பெல், 2005-இல் அந்த நிகழ்ச்சிக்கான சுமார் 5 கோடி டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். முகத்தில் கறுப்புச் சாயம் பூசி அவர் நடித்த ஒரு ஸ்கெட்ச், அதாவது குட்டி நகைச்சுவை நாடகம், படமாகும்போது, அங்கிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சிரித்த விதம் அவரை உறுத்தியது. தன்னோடு சேர்ந்து சிரிக்கிறாரா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா? மறு ஆண்டு டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் இதை மனம் விட்டுச் சொன்னார்.

நம்ம டிவியில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஒருத்தர் கறுப்பாக இருப்பதே வசனமாகிவிடுகிறது. நம்ம நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், மூடநம்பிக்கையையும் போலிப் பக்தியையும் கேலி செய்தே ஊரைச் சிரிக்க வைத்தவர். அப்படி ஒருத்தரைக் கொடுத்த மண் இது.

இன்னொரு வழி, தலைகீழாகப் போடுவது. பிபிசியில் 1998-இல் இந்திய வம்சாவளிக் கலைஞர்கள் செய்த ஒரு ஸ்கெட்சில், பம்பாய்க்காரர்கள் ஆங்கிலேய உணவகத்துக்குப் போய், இருப்பதிலேயே சப்பென்று இருப்பதைக் கொண்டுவா என்று அலப்பறை செய்வார்கள். லண்டன் இந்திய உணவகங்களில் ஆங்கிலேயர்கள் இருப்பதிலேயே காரமானதைக் கேட்டுச் செய்யும் அலப்பறைதான். ஆட்களை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

நாமும் செய்து பார்க்கலாம். நாகர்கோவில் வடசேரியில் ஒரு கம்பெனி, நேர்முகத் தேர்வு. சென்னைப் பையன் "செம சார்" என்கிறான். மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்து, "இன்னும் ஒருக்கா சொல்லு மக்கா" என்கிறார். அப்புறம், "நீ ஆந்திராவா?" நடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பையனைக் கோமாளியாக்கக் கூடாது, அவன் இயல்பாகவே பேசட்டும். கேமரா மேலாளர் முகத்திலேயே நிற்கட்டும்.