இன்ச் டேப்பில் 42 பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை தைப்பேன். நெடுந்தூர ஓட்டம் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் ஓடுவதற்கு முன்னால் நான் ஏறி இறங்கிய கடைப் படிகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன், ஏனென்றால் எனக்கு வேண்டியது அங்கேதான் கிடைத்தது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வடசென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். அவன் அம்மா கதவைத் தட்டி, "அக்கா, ஊசி மருந்து இருக்கு, ஸ்ட்ரிப் தீந்துடுச்சு. பாக்காம எப்படிப் போடுறது?" என்று கேட்டாள்.

அன்றைக்கு வரைக்கும் எனக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாது. விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்து, சுகர் மிஷினில் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் எத்தனை யூனிட் இன்சுலின் என்று முடிவு செய்ய முடியும். கூடிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிப் பிள்ளை மயங்கி விழுந்துவிடும். போடாமலே விட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. நடுவில் நிற்கிற அம்மாவுக்கு அந்தச் சின்னப் பட்டை ஒன்றுதான் துணை. சரி என்று கிளம்பினேன். கல்மண்டபம் தாண்டி, ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் வரை தண்ணீரில் நடந்தேன். நாலு மருந்துக் கடை மூடியிருந்தது, ஐந்தாவதில் கிடைத்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

என் மகள் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போன வருடம் அது. வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவார். காலையில் கண் விழித்ததும், இன்றைக்கு நான் எழுந்திருக்காவிட்டால் யாருக்கு என்ன குறை என்று தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளில் சிலருக்கு இது புரியும். அந்தத் தண்ணீரில் நடந்த நாளில்தான் என் காலுக்கு ஒரு வேலை இருப்பதாக உணர்ந்தேன்.

தண்ணீர் வடிந்தது. அந்த உணர்வை விட்டுவிட மனம் வரவில்லை. பொங்கல் முடிந்ததும் விடியற்காலை நடக்க ஆரம்பித்தேன். அப்புறம் ஒரு விளக்குக் கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. மூன்று மாதத்தில் அது இரண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை என்று மாறியது. எங்கள் பக்கம் நாலு மணிக்கு ரோடு காலியாக இருக்காது. காசிமேட்டில் ஏலம் எடுக்கக் கூடையோடு போகும் பெண்கள், பால் வண்டி, தண்ணீர்க் குடங்கள் என்று எனக்கு முன்னாலேயே விழித்துக்கொண்ட உலகம் ஒன்று இருந்தது. நான் பயமில்லாமல் ஓடியதற்கு அந்த மீன்காரப் பெண்கள்தான் காரணம். முதல் வாரம் "இன்னாக்கா, யார் தொரத்துறா?" என்றார்கள். இரண்டாவது வாரம், வராத நாளைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட முடியாது. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், நகரும்போது இருட்டில் ஆளைப் பார்க்க மாட்டார்கள். அதனால் என் பாதை திருவொற்றியூர் நெடுஞ்சாலை. சுங்கச்சாவடியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ தலைக்கு மேலே போகிறது. அந்தத் தூண்கள்தான் எனக்கு மைல்கல். தேரடி வரை போனால் ஒரு கணக்கு, எர்ணாவூர் வரை போனால் இன்னொரு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். அன்றைக்கு வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னால் வருவார்.

இந்தச் சாலைக்கு ஒரு பழைய சொந்தம் உண்டு. வள்ளலார் இளம் வயதில் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்தபோது, அங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய் வந்தார். பின்னாளில் 1867-ல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையில் இன்றைக்கும் சோறு போடுகிறார்கள். சின்ன வயதில் தினமும் நடந்த அந்தக் கால்களுக்கும் பின்னால் மூட்டிய அந்த அடுப்புக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். தனியாக நெடுந்தூரம் போகிறவர்களுக்கு மற்றவர்களின் பசி மனதில் ஏற நேரம் கிடைக்கிறது.

எனக்கு அப்படி ஏறியது அந்த ஸ்ட்ரிப். ஒன்று ஏறக்குறைய 20 ரூபாய். ஒரு நாளைக்கு நாலு முறை பார்த்தால் 80 ரூபாய், மாதம் 2,400. எங்கள் சுற்றுவட்டாரத்தில் மட்டும் இப்படி 11 பிள்ளைகளை எனக்குத் தெரியும். இன்சுலின் அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்கிறார்கள், ஸ்ட்ரிப்பைக் கடையில்தான் வாங்குகிறார்கள். காசு இல்லாத வாரத்தில் நாலு முறை இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். அந்த அம்மாக்களின் கண்ணைப் பார்த்தால் அது எந்த வாரம் என்று சொல்லிவிடலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டைப் 1 என்பது இனிப்பு அதிகம் தின்றதால் வருவது அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதில் தாயின் தவறு எதுவும் இல்லை. ஆனால் எங்கள் தெருவிலேயே அந்தப் பெண்ணிடம், "நீதான் மிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று சொன்னவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், தயவுசெய்து இனிமேல் சொல்லாதீர்கள். நூறு ஆண்டுக்கும் முன்பு, இன்சுலின் வருவதற்கு முன்னால், இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைக்கவே மாட்டார்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் என்று பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஒரு டாலர் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். அதே கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர். எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர். 1980-ல் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஒவ்வொரு கனடாக்காரரிடமும் ஒரே ஒரு டாலர் வேண்டும் என்றார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவி ஓட்டம் நின்றது. 22 வயதில் இறந்துவிட்டார். ஆனால் அவர் கண் மூடும் முன்பே, நாட்டு மக்கள் தொகை எவ்வளவோ அவ்வளவு டாலர் சேர்ந்துவிட்டது. பெரிய பணக்காரர் நாலு பேரிடம் போகாமல், எல்லோரிடமும் ஒன்று கேட்டாரே, அந்த யோசனையை நான் எடுத்துக்கொண்டேன். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். 42 பேரைப் பிடித்து, ஸ்ட்ரிப்புக்குக் காசு கேட்டு, ஆளுக்கு ஒரு கிலோமீட்டர் ஓடுவது என்று முடிவு செய்தேன்.

ஓடுவது கூட வந்துவிட்டது, கேட்பது வரவில்லை. முதல் நாள் மூன்று கடை வாசலில் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தேன். கை நீட்டிப் பழக்கமில்லை. நாலாவது நாள் ஒரு மீன்கார அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து 100 ரூபாய் எடுத்து, "எத்தினாவது கிலோமீட்டர் ஏன்து?" என்றார். அந்தக் கேள்வி என் மனதில் தைத்தது. அவர் என்னிடம் காசைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. ஓட்டத்தில் தனக்கு ஒரு பங்கு கேட்டார்.

அப்புறம் மொய் நோட்டு ஒன்று வாங்கினேன். கல்யாண வீட்டில் எழுதுவது போலப் பெயர், தொகை, எந்தக் கிலோமீட்டர் என்று எழுதினேன். ஐஸ் வண்டி அண்ணன், பிரியாணிக் கடை பாய், சீருடை வாங்க வந்த டீச்சர், கேரம் கிளப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கிலோமீட்டர். சிலர் 50, சிலர் 500, பலர் ஆயிரத்துக்கு மேலே. திட்டியவர்களும் உண்டு. மின்ட் பக்கம் ஒரு கடைக்காரர் நியாயமான கேள்வி ஒன்று கேட்டார்: "ஓடுற நேரத்துல நாலு ரவிக்கை தைச்சா அந்தக் காசு வந்துடுமேம்மா?"

வீட்டுக்கு வந்து அதை வெகுநேரம் யோசித்தேன். கணக்கில் அவர் சொன்னது சரி. ஆனால் நான் தைத்துக் கொடுத்தால் அது என் ஒருத்தியின் காசு. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நோய் என்று மீன்கார அக்காவுக்கோ கேரம் பையன்களுக்கோ தெரிந்திருக்காது. நமக்கு இது புதிதும் அல்ல. நடந்து வேளாங்கண்ணி போகிறவர்களையும் பழனி போகிறவர்களையும் பாருங்கள். பஸ் இல்லாமலா நடக்கிறார்கள்? உடம்பால் ஒரு வாக்குக் கொடுக்கிறார்கள். வழியில் மோர்ப் பந்தல் வைக்கிறவர் நடக்காமலே அந்த நடையில் சேர்ந்துகொள்கிறார். நான் சும்மா வந்து கேட்டிருந்தால் பாதிப் பேர் பேச்சைக் கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். இவள் நமக்காக ஒரு தூரம் ஓடப் போகிறாள் என்றதும், பெஞ்சைத் தட்டிப் போட்டு உட்கார வைத்து, அந்தப் பையனைப் பற்றிக் கேட்டார்கள்.

42-ம் நிறைந்துவிட்ட பிறகு, எங்கள் முனையில் இட்லிக் கடை போடும் ஆயா கூப்பிட்டு ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்தார். "எனக்கு எது?" எல்லாம் போய்விட்டதே ஆயா என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் ஒரு 195 மீட்டர் இருக்கிறது, அது உனக்கு என்றேன். "எம்மாந் தூரம்?" என்றார். இங்கேயிருந்து பம்பு வரைக்கும் என்று கை காட்டினேன். "போதும், ஓடு" என்றார்.

என் தொழிலில் இன்ச் டேப் இல்லாமல் முடியாது. பழைய டேப் ஒன்றை எடுத்து, 42 இன்ச் தாண்டி ஒரு நூல் விட்டு வெட்டினேன். இன்ச்சுக்கு ஒரு பெயர் மார்க்கரில் எழுதினேன். மீன், ஐஸ், பாய், டீச்சர், இப்படிச் சுருக்கமாக. அதை இடது கையில் சுற்றித் தைத்துக்கொண்டேன்.

மாரத்தான் நாள். ஜனவரி ஞாயிறு, விடியாத நாலு மணி, நேப்பியர் பாலம் பக்கம். பாதை தெற்கே போகிறது. எங்கள் பக்கத்து மக்கள் தெற்கே வந்துதான் இதை ஓட வேண்டியிருக்கிறது, என்றைக்காவது ஒரு நாள் காசிமேட்டு வழியாகவும் இப்படி ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தொடங்கினேன். முதல் 20 கிலோமீட்டர் நன்றாகப் போனது. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது, உடம்பு ஆறாது. அதனால் வெறும் தண்ணீராகக் குடிக்காமல் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். வெறும் தண்ணீரையே வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும், அது ஆபத்து. புதிதாக ஓட வருகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

30-ஐத் தாண்டியதும் தசையில் சேர்ந்திருந்த சர்க்கரை தீர்ந்துவிட்டது. சுவரில் முட்டியது போல இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. யாரோ கரண்டை நிறுத்தியது போலக் கால் அணைந்துவிட்டது. ஓரமாக நின்று டேப்பைத் திருப்பினேன். 33, ஐஸ் அண்ணன். கொளுத்தும் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, எண்ணி எண்ணிச் சில்லறையாக 80 ரூபாய் கொடுத்தவர். ஒரு பிள்ளையின் ஒரு நாள். சரி, ஒரு கம்பம் நடை, ஒரு கம்பம் ஓட்டம். இந்தத் தூரத்தில் எனக்கென்று ஒரு அடி கூட இல்லை, எல்லாம் யாரோ காசு கொடுத்து வாங்கியது என்று தோன்றியபோது அழுகை வந்தது. வலியில் வந்தது இல்லை அது. எதற்காக எழுந்திருக்கிறோம் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அடுத்த ஒரு கிலோமீட்டர் யாருக்கு என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

ஐந்தே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி 195 மீட்டரை நடக்காமல் ஓடினேன்.

மொத்தம் 38,600 ரூபாய் சேர்ந்தது. 1,930 ஸ்ட்ரிப். 11 பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 44 நாள். வருடத்தில் 44 நாள் போக மீதி அப்படியே இருக்கிறது, அதை நான் மறக்கவில்லை. பில்லை எல்லாம் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் இப்போது சில ஞாயிறுகளில் தேரடி வரை சைக்கிளில் கூடவே வருகிறான், சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட்டோடு.

அன்றைக்குச் சாயங்காலம் கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு இட்லிக் கடைக்குப் போனேன். ஆயா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பிடித்து டேப்பின் நுனியைத் தடவிப் பார்த்தார். "ஏன்து ஓடினியா?" ஓடினேன் ஆயா. சுருக்குப் பையைத் திறந்து இன்னொரு ஐந்து ரூபாய் எடுத்தார். "மாசா மாசம் தர்றேன். வர்ற வருசத்துக்கு முழுக் கிலோமீட்டரா எழுதிக்கோ." புது நோட்டில் முதல் வரி அவருடையது.